கமலம் இறங்கிய நவம்பர்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. கமலம் அம்மாளின் பால்கனியிலிருந்து இறங்கிவந்த கூடை பச்சை நிறம் என்று நான் சொல்கிறேன். அவர் நீலம் என்கிறார். அந்த வருடம் மழை தீபாவளிக்கு முன்பே பிடித்துக்கொண்டது என்பது என் நினைவு. அவருடைய தோழி தாயம்மாவைக் கேட்டால், பட்டாசெல்லாம் நன்றாகத்தான் வெடித்தது என்கிறார். கமலம் இறங்கிய அன்று படிக்கட்டில் நாங்கள் எவ்வளவு நேரம் பேசாமல் நின்றோம் என்பதிலும் ஆளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நான் கீழே நின்று பார்த்தவன். மேலே இருந்தவருக்கு அது வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

எங்கள் குடியிருப்பு திருமுல்லைவாயிலுக்கும் அண்ணனூருக்கும் நடுவில், தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. தரைத்தளத்தில் நான். இரண்டாம் மாடியில் நடேசனும் கமலமும். நடேசன் ஆவடியில் ராணுவ டாங்கி செய்யும் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கமலம் பட்டாளத்துக்குச் சீருடை தைக்கும் ஃபேக்டரியில் தையல் பிரிவில் இருந்தவர். இரண்டு பேருக்கும் பென்ஷன். மகன் நிர்மல் ஐதராபாத்தில்.

நடேசனுக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பருத்திப்பட்டு ஏரிக்குப் போவார். கரையைச் சுற்றி நடந்துவிட்டு, திரும்பும் வழியில் கீரையும் மீனும் வாங்கி வருவார். படிகளில் அவர் ஏறும் சத்தம் பள்ளிப் பிள்ளை ஏறுவது போலக் கேட்கும். தெருவில் யார் வீட்டுக் குழந்தை சாப்பிட அடம்பிடித்தாலும், "அந்தத் தாத்தாவப் பாரு, எப்டிக் கீறாரு" என்று அவரைத்தான் காட்டுவார்கள்.

கமலம் அம்மாளைக் காட்ட மாட்டார்கள். அவரை யாரும் பார்ப்பதில்லை. வயதில் நடேசனுக்கு இளையவர்தான். முட்டிவலி வந்தது, படி இறங்குவது குறைந்தது, பிறகு நின்றேபோனது.

நடேசன் சும்மா இருக்கவில்லை. வேலையில் இருந்தபோது அவருக்கு ஒரு பரிசு கிடைத்திருந்தது. போல்ட்டும் நட்டும் எடுக்க ஆட்கள் ஒவ்வொரு முறையும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்த இடத்தில், இருந்த இடத்திலிருந்தே கை நீட்டினால் எல்லாம் வரும்படி ஒரு தட்டு அமைத்துக் கொடுத்திருந்தார். மேடையில் ஏற்றிக் கைதட்டினார்கள். அந்தக் கேடயம் அவர் வீட்டு டிவிக்கு மேலே இருக்கிறது. கமலத்தின் கால் வலித்தபோது அவர் அதையேதான் செய்தார்.

பால்கனியில் கப்பி போட்டுக் கூடை கட்டினார். அடுக்களைக்குச் சக்கரம் வைத்த உயர ஸ்டூல் செய்தார். மேல்தட்டு டப்பாக்களை எடுக்க நுனியில் கொக்கி வைத்த கம்பி. கட்டிலில் படுத்தபடியே வாசற்கதவின் தாழ்ப்பாளைத் திறக்கவும் போடவும், சுவரோரமாக வளையங்கள் அடித்து ஒரு நைலான் கயிறு. கிரைண்டர் மேசைக்கு ஏறியது. குழாய்க்கு நீளக் கைப்பிடி வந்தது. ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

"பாத்தியா தம்பி? முன்ன இதுக்கு எந்திரிச்சு அந்த மூலை வரைக்கும் போவணும். இப்போ குந்தின எடத்துலயே வேல முடிஞ்சிச்சு."

நான் பாராட்டுவேன். எல்லாம் அவ்வளவு அழகாக இருக்கும். பிசிறு இல்லாமல் ராவி, எண்ணெய் போட்டு, தொட்டால் ஓடும். கமலம் அம்மாள் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

நவம்பரில் பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். தையல் பிரிவுப் பெண்களுக்கு அது ஒரு திருநாள். ஒரு நாளைப் பேசி வைத்துக்கொண்டு, நல்ல சேலை கட்டி, ஆவடியில் வங்கிக்கு ஒன்றாகப் போவார்கள். வேலை முடிந்ததும் பக்கத்து ஓட்டலில் பூரி, காபி. அந்த வருடத்தில் யாராவது போய்ச் சேர்ந்திருந்தால் அவள் பெயருக்கும் ஒரு காபி சொல்லி, மேசையில் வைத்துவிட்டு வருவார்கள். அதை யாரும் தொடக் கூடாது.

நான் சொல்லும் நவம்பருக்கு முந்தைய நவம்பரில் கமலம் அம்மாள் போகவில்லை. நிர்மல் போனில் செயலி ஏற்றிக் கொடுத்திருந்தான். போனைப் பிடிக்க நடேசன் என்னைக் கூப்பிட்டார். கமலம் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்திருந்தார். முகத்தை வட்டத்துக்குள் காட்டச் சொன்னது. கண்ணைச் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினார். பச்சை விளக்கு எரிந்தது.

"அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான். ஒரு அடி நடக்க வேணாம்," என்றார் நடேசன் மகிழ்ச்சியாக.

"கண்ணத் தொறந்து மூடுனா உயிரோட கீறேன்னு கெவுர்மென்ட்டு ஒத்துக்குதா? கறிக்கடையில தலகீயா தொங்குற கோழிகூடத்தான்யா சிமிட்டுது."

நடேசன் சிரித்தார். நானும் சிரித்தேன். கமலம் அம்மாள் சிரிக்கவில்லை என்பது வீட்டுக்கு இறங்கி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த வருடம், மழைக்கு முந்தைய புழுக்க நாட்களில் ஒரு காலை, கூரியர்காரர் மேலிருந்து கத்தினார். நான் ஓடினேன். நடேசன் ஏரிக்குப் போயிருந்தார். கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"அம்மா!" என்று தட்டினேன்.

உள்ளே தரை மட்டத்திலிருந்து குரல் வந்தது. "கயிறு அறுந்துட்ச்சு தம்பி. தொறக்கலாம்னு எந்திரிச்சேன். வுழுந்துட்டேன்."

"அடி பட்டுச்சாம்மா?"

"உயிரோடதான் கீறேன். எந்திரிக்கத்தான் முடியல."

கதவுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தேன். நடேசன் வரும்வரை வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. கதவின் அடியில் இருந்த இடைவெளியில் அவருடைய சேலை நுனி தெரிந்தது. ரயில்கள் பணிமனைக்குப் போவதும் வருவதும் கேட்டுக்கொண்டிருந்தன. நடேசன் கீரைக்கட்டோடு மூச்சு வாங்காமல் படியேறி வந்தார். பின்பக்கச் சன்ஷேடு வழியாகப் போய், ஜன்னல் கம்பியைக் கழற்றி, உள்ளே குதித்து, திறந்தார். இந்த வயதில் அதைச் செய்தார் என்று தெரு பிறகு வாரக்கணக்கில் பேசியது.

எலும்பு முறியவில்லை. ஆனால் டாக்டர் இயன்முறைப் பயிற்சிக்கு ஆள் வரச் சொன்னார். நிஷா வந்தாள். ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். அவள் அப்பாவும் அதே டாங்கி ஃபேக்டரிதான் என்று தெரிந்ததும் நடேசனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கப்பி, கயிறு, கொக்கி என்று ஒவ்வொன்றையும் இயக்கிக் காட்டினார். நிஷா எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு கமலத்தின் தொடையை அழுத்திப் பார்த்தாள்.

"முட்டி தேய்மானம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க வுழுந்தது முட்டியால இல்லம்மா. தொடையில சதையே இல்ல. யூஸ் பண்ணாம கரைஞ்சு போச்சு. அங்கிள், இவங்க ஒரு நாளைக்கு எத்தன தடவ எந்திரிப்பாங்க?"

"எதுக்கு எந்திரிக்கணும்? அதான் எல்லாம் கைக்கு வருதே," என்றார் நடேசன்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது போலிருந்தது.

"நல்லா கேளும்மா," என்றார் கமலம். "இந்த ஆளு கடைக்கிப் போறாரு, ஏரியச் சுத்துறாரு, மாடி ஏறி எறங்குறாரு. என் நடையும் சேத்து அவரே நட்ந்துட்டாரு. அதான் கல்லு மாரி கீறாரு."

நிஷா பையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள்.

அந்த வாரம்தான் தாயம்மா போன் செய்தார். கமலத்தோடு ஒரே வரிசையில் மிஷினில் உட்கார்ந்தவர். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் காய்கறி கொடுக்கப் போனவன், வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"இன்னா கமலம், வுழுந்து வாரிட்டியாமே? தரைக்கு ஒண்ணும் ஆவலியே?"

"தரை நல்லா கீது. நீ எப்டிக் கீற?"

"சக்கரை, பிரஷரு, எல்லாம் கூடவே கீது. இந்தத் தபாவும் போன்லதான் கண்ணடிக்கப் போறியா?"

கமலம் தன் தொடையைத் தடவிக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லணும். கோச்சுக்காத," என்றார் தாயம்மா, குரலை இறக்கி. "போன வருசம் ஓட்டல்ல ஒரே பஞ்சாயத்து. உன் பேருக்கு காபி சொல்றதா வேணாமான்னு. செத்தவளுக்குத்தானே சொல்லுவோம்? நீ உயிரோட கீற. ஆனா வரல. நான் வேணாம்னேன். அந்தப் பார்வதம்தான் சொல்லிட்டா."

"யாரு குட்ச்சது?"

"யாரும் குடிக்கல. ஆடை கட்டிகினு அப்டியே கெடந்துச்சு."

கமலம் போனை வாயருகே இழுத்துக்கொண்டார்.

"தாயம்மா," என்றார் கமலம். "நாள் குறிச்சதும் சொல்லு. நான் வரேன். என் கால்ல வரேன். அந்தப் பார்வதத்துக்கு முன்னாடி குந்தி என் காபிய நான் குடிக்கிறேன்."

நடேசனுக்கு இதைக் கேட்டதும் உடம்பில் பழைய ஃபிட்டர் எழுந்துவிட்டார். மறுநாளே மொட்டை மாடியில் வேலை தொடங்கியது. இரண்டு அலுமினியக் குழாய், ஒரு நாற்காலி, வார்ப்பட்டை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்தால் ஆளை அலுங்காமல் கீழே இறக்கிவிடலாம். இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு, என்னை உட்காரவைத்துத் தூக்கிக்கூடப் பார்த்தார். பிரமாதமாக இருந்தது. சிம்மாசனம் போலச் சுமந்து வந்து கமலத்தின் முன்னால் வைத்தார்.

கமலம் அதை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இன்னாயா இது?"

"உன்ன எறக்குறதுக்கு. படியில ஒரு ஆட்டம் இருக்காது."

"பொணத்த எறக்குற மாரி எறக்கப் பாக்குறியா?"

"ஏன்மே இப்டிப் பேசுற? வுழுந்து கெடந்தியே, பாத்தேன் இல்ல? இன்னொரு தபா அப்டிப் பாக்க என்னால முடியாது."

"நீ செஞ்சதுல எதுவுமே பழுதில்லயா. அதான் பேஜாரு. எல்லாம் அவ்ளோ நல்லா செஞ்சிட்ட. கப்பி போட்ட, நான் பால்கனிய வுட்டு எறங்கல. கயிறு கட்டுன, நான் கதவாண்ட வரல. இன்னும் ஒண்ணு செஞ்சியானா நான் மூச்சுகூட வுட வேணாம், அதையும் நீயே வுட்ருவ." அவருக்கு மூச்சு வாங்கியது. "எல்லாத்தியும் கயட்டு."

நடேசன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மூன்று நாட்கள் அந்த வீட்டில் பேச்சே இல்லை. கூடை இறங்கவில்லை. கமலத்துக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு நடேசன் மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தார். நான் ஒருமுறை மேலே போனேன். அவர் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தேன். மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. அவர் கையில் கேடயம் இருந்தது, துடைத்துக்கொண்டிருந்தார்.

"அங்க ஆளுங்க எட்டு மணி நேரம் நின்னுகினு வேல செஞ்சாங்க தம்பி," என்றார் கடைசியில். "அவனுங்களுக்கு ஒரு குனியல் மிச்சமானா பெரிய விசயம். இவளுக்கு அந்த ஒரு குனியல்தான் சொத்துன்னு எனக்குத் தோணவே இல்ல."

அன்று மதியம் ஸ்குரூ கழலும் சத்தம் கேட்டது. முதலில் கப்பி. பிறகு சுவரிலிருந்து வளையங்கள் ஒவ்வொன்றாக. துளைகளை வெள்ளைச் சிமென்ட் வைத்து அடைத்தார். சக்கர ஸ்டூலின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, "இது சும்மா ஸ்டூல். குந்தி எந்திரி," என்றார். கமலம் திரும்பிப் பார்க்காமல், "ம்," என்றார். அவர்களுக்குள் சமாதானம் அப்படித்தான் ஆனது.

ஒன்றை மட்டும் நடேசன் புதிதாகச் செய்தார். எங்கள் படிக்கட்டில் ஒரு பக்கம்தான் கைப்பிடி உண்டு. சுவர்ப் பக்கம் வெறுமையாக இருந்தது. இரும்புக் குழாயை வளைத்து, இரண்டாம் மாடியிலிருந்து தரை வரைக்கும் சுவரோடு சேர்த்துக் கைப்பிடி அடித்தார். கமலத்தின் கைக்குள் அடங்கும் பருமனாகத் தேடி வாங்கிவந்த குழாய். குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் அபிஷேக் ஆபீஸ் கிளம்பும்போது பார்த்துவிட்டு, "மீட்டிங் போட்டுத்தான் இதெல்லாம் பண்ணணும் அங்கிள்," என்றான்.

"மீட்டிங் போடு நைனா. நான் வெல்டிங் போடுறேன்," என்றார் நடேசன்.

நிஷா ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்தாள். உப்புப் பாக்கெட்டைத் துணியில் சுற்றிக் கணுக்காலில் கட்டி, காலைத் தூக்கவைத்தாள். ஸ்டூலில் உட்காரவைத்து, கை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னாள். கமலத்தின் வாயிலிருந்து வந்த வசவுகள் தரைத்தளம் வரை கேட்டன. பருப்பும் முட்டையும் சாப்பிடச் சொன்னாள். நடேசன் வாங்கிவந்தார், சமைத்தது கமலம், நின்றுகொண்டு. பிறகு படி. முதலில் ஓர் அடி இறங்கி ஏறுவது. அப்புறம் அடுத்த அடி.

ஒரு நாள் படியில் அவர் ஏதோ முணுமுணுப்பதைக் கேட்டேன்.

"என்னம்மா, சாமி பேரா?"

"சட்டை தம்பி. எங்க லைன்ல ஒரு சட்டை ஒவ்வொரு கையா மாறி வரும். நான் பாக்கெட்டு. தாயம்மா தோளு. பார்வதம் காலரு. அப்பால கை, சைடு, மணிக்கட்டுப் பட்டை. ஒருத்தி நிறுத்துனா மொத்த லைனும் நின்னுடும். அதான் ஒவ்வொரு படிக்கும் ஒரு ஆளச் சொல்லிகினு வரேன். கடேசியில காஜா, பட்டன். பட்டன் வச்சாத்தான் அது சட்டை. அப்பால அடுத்த சட்டை."

குறித்த நாளில் மழை விட்டு விட்டுத் தூறியது. ஷேர் ஆட்டோ வந்து நின்றது. தாயம்மாவும் இன்னும் சிலரும் பட்டுச்சேலைகளைக் கெண்டைக்கால் வரை தூக்கிக்கொண்டு வாசலில் கூடினார்கள். பார்வதமும் இருந்தார், கொஞ்சம் தள்ளி. நடேசன் படிகளை முழுக்கத் துடைத்து, சாக்குப் போட்டு வைத்திருந்தார். கமலத்துக்கு ஓர் அடி முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"நீ முன்னால நிக்காத. எனக்குப் படி தெரியல. கீய போயி நில்லு."

"மே..."

"போய்யா."

அவர் கீழே வந்து என் பக்கத்தில் நின்றார்.

கமலம் ஊதா நிறப் பட்டு கட்டியிருந்தார். இரண்டு கைகளும் இரண்டு பிடிகளில். "பாக்கெட்டு," என்று கேட்டது. "தோளு." "காலரு." சட்டை மேல் சட்டையாக முதல் மாடியைத் தாண்டினார். ஆட்கள் தங்கள் வீட்டுக் கதவுகளைத் திறந்துகொண்டு நின்றார்கள். கீழ்த் திருப்பத்தைத் தாண்டியதும் அவருடைய கால் நடுங்கத் தொடங்கியது. சேலைக் கொசுவத்தில் அந்த நடுக்கம் தெரிந்தது. அவர் மெல்லப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நடேசன் பாய்ந்தார். கமலம் உள்ளங்கையைக் காட்டினார். நடேசன் ஒரு காலைப் படியில் வைத்தபடியே நின்றுவிட்டார்.

உட்கார்ந்த பெண் எழ வேண்டும். அன்று கதவுக்குப் பின்னால் முடியாமல் போனது அதுதான். எல்லோருக்கும் அது தெரியும். சன்ஷேடிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அரக்கோணம் பக்கம் போகும் வண்டி ஒன்று வந்து, கடந்து, அதன் சத்தமும் தேய்ந்தது. நான் பார்த்த அமைதிகளில் அதைவிட நீண்டது இல்லை. கமலம் சுவர்ப் பக்கத்துக் குழாயைப் பிடித்தார். தலையை முன்னால் கொண்டுவந்தார், நிஷா சொல்லிக் கொடுத்தபடி. ஒருமுறை எழுந்து மறுபடி அமர்ந்தார். இரண்டாம் முறை எழுந்து நின்றார்.

"லைன் நிக்குது பார்," என்று கீழிருந்து ஒரு குரல் வந்தது. பார்வதம். "காலரு எப்பவோ முட்ச்சிட்டேன். சீக்கிரம் வாடி."

"வரேன் இரு, உனுக்கு எப்பவும் அவசரம்." கமலம் இறங்கினார். கை. சைடு. பட்டை. காஜா. கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைத்து, "பட்டன்," என்றார். கைதட்டலை முதலில் தொடங்கியது அபிஷேக் என்று நினைக்கிறேன்.

வங்கிக்கு நானும் போனேன். கமலம் விரலை இயந்திரத்தில் வைத்தார். ஏற்கவில்லை. வேறு விரல். அதுவும் இல்லை. காலமெல்லாம் துணியும் ஊசியும் தேய்த்த விரல்களில் ரேகை மிஞ்சியிருக்கவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் தயங்கினாள். "பரவாயில்லம்மா. போன்லயே எடுத்துடலாம். அந்தச் சேர்ல உக்காருங்க. கண்ணை மட்டும் சிமிட்டுங்க."

தாயம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "இதுக்கா இவ்ளோ தூரம் வந்த?"

கமலம் அம்மாள் நாற்காலியைப் பார்த்தார். பிறகு அதன் முதுகைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார்.

"சிமிட்டுறேன்," என்றார். "நின்னுகினுதான் சிமிட்டுவேன்."

அந்தப் பெண் எழுந்து நின்று போனை உயர்த்திப் பிடித்தாள். கமலம் சிமிட்டினார். பச்சை விளக்கு எரிந்தது.

ஓட்டலுக்குள் நானும் நடேசனும் போகவில்லை. அது அவர்களுடைய இடம். வெளியே, கடையின் சரிவுக் கூரையின் கீழ் நின்றோம். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பார்வதம் காபியை டபராவில் ஆற்றி, கமலத்தின் கையில் கொடுத்தார். கமலம் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, டம்ளரை மேசையில் கவிழ்த்து வைத்தார். நடேசன் முகத்தை மழைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஏரியச் சுத்துறதெல்லாம் ஒண்ணுமே இல்ல தம்பி," என்றார்.

நடேசன் அதற்கு இரண்டு வருடம் கழித்து ஒரு மாசி மாதத்தில் இறந்தார். சில நாள் காய்ச்சல்தான். அதற்கு முந்தைய வாரம்வரை பருத்திப்பட்டு ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தார், வார இறுதிகளில் கமலத்தோடு. அவரை எடுத்தபோது கமலம் தெருமுனை வரை நடந்து வந்தார். யாரும் கைத்தாங்கலாகப் பிடிக்கவில்லை. தாயம்மா மகள் வீட்டோடு பூந்தமல்லிக்குப் போய்விட்டார். நவம்பரில் மட்டும் வருகிறார். பார்வதத்தின் பெயருக்குப் போன வருடம் காபி வைத்தார்கள். நிஷா ஆவடியில் சொந்தமாகப் பயிற்சி நிலையம் வைத்திருக்கிறாள். தூக்கு நாற்காலி மொட்டை மாடியில் இருக்கிறது. அபிஷேக் அதில் உட்கார்ந்து போன் பேசுவான். எங்கள் குடியிருப்பில் இன்னும் லிஃப்ட் வரவில்லை. கமலம் அம்மாள் இரண்டாம் மாடியில்தான் இருக்கிறார். இந்த நவம்பரிலும் இறங்கினார்.